கன்னத்துக்கு ஒரு களிமண்

ஒரு பொருளுக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் புதுக்கோட்டையில் ஒருவர் வாழ்ந்தார். பவுடர் டப்பாவோ, பிஸ்கட் பாக்கெட்டோ, கைக்கு வந்ததும் திருப்பிவிடுவார். முன்பக்கத்தில் சிரிக்கும் நடிகைகள் எல்லாம் அவருடைய உள்ளங்கைக்குள் மூச்சு முட்டிக் கிடப்பார்கள். அவர் பாட்டுக்குப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, அவர் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருப்பி, அச்சகத்தின் பெயரைப் படித்துவிட்டுத்தான் கல்யாணம் யாருக்கு என்று பார்த்தார்.

அவருக்கு வில்லங்கம் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதை வார்டன் அம்மாவைத் தவிர யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் அக்கா டைப்பிஸ்ட். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, வடக்கே வாய்க்கால், தெற்கே பாதை. இடம் வாங்குகிறவர்கள் அந்த இடத்தின் மேல் கடன், வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பார்கள் அல்லவா, அதற்குத்தான் வில்லங்கம் பார்ப்பது என்று பெயர். ஊரில் மற்றவர்கள் அதை இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்கா நிறுத்தவில்லை. விடுதியில் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பாத்தியா?"

அவருடைய அறையில் காலியாக இருந்த கட்டிலுக்குத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். எனக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டு ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். போனதோடு நிற்காமல் வேதியியலில் பட்டம் வரைக்கும் போனேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் அப்பாவுக்கு அதைவிடக் கிடையாது. பஸ்ஸில் கண்டக்டரிடம், "புதுக்கோட்டை ஒண்ணு குடுங்க, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி" என்றுதான் எனக்கு டிக்கெட் வாங்குவார். டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தபோது எங்கள் ஊரில் வெடி போடாததுதான் குறை.

முதல் சம்பளம் வந்த அன்று, கீழ ராஜ வீதியில் ஒரு பேன்சி ஸ்டோரில் முகத்துக்குப் பூசுகிற களிமண் டியூப் ஒன்று வாங்கிவந்தேன். இளஞ்சிவப்பு நிறம், மூடியில் தங்கக் கோடு. கட்டிலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்த் திரும்புவதற்குள் அது அக்கா கையில் குப்புறக் கிடந்தது.

"என்னடி இது?"

"பிங்க் கிளேக்கா. பிரான்சு நாட்டு மண்ணாம்."

"யாரு சொன்னா?"

"முன்னாடியே போட்டிருக்கே."

"முன்னாடியா?" என்று, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தார். "இங்கிட்டு வா. உக்காரு. எது அதிகமா இருக்கோ அதைத்தான் முதல்ல எழுதணும், அதான் சட்டம். பாகப்பிரிவினை மாதிரி. இதுல பெரிய பங்கு யாருக்கு? தண்ணிக்கு. அடுத்த பங்கு கிளிசரினுக்கு. மண்ணு எங்க? மண்ணைக் காணோமே... இந்தா, இங்க இருக்கு பாரு, கல்யாண வீட்டுல எலை கெடைக்காத சொந்தக்காரன் மாதிரி கடைசியில நிக்கிது. பட்டா மண்ணு பேருல. அனுபவிக்கிறது பூரா தண்ணி!"

எனக்குக் கோபமாக வந்தது. அக்கா விடவில்லை. "இது என்னடி, சி.ஐ. போட்டு ஏழு ஏழு நாலு ஒம்பது ஒண்ணு? சர்வே நம்பரா?"

என் முதுகு தானாக நிமிர்ந்தது. நான் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தது என்று தோன்றியது. "அது இரும்பு ஆக்ஸைடுக்கா. இதுல இருக்கிற மண்ணு வெள்ளை, செவப்பு நெறத்துக்காக இதைச் சேக்குறது. நம்ம ஊரு செம்மண்ணு செவப்பா இருக்கிறதும் அதனாலதான்."

அக்கா டியூபைக் கீழே வைத்தார். சன்னலுக்கு வெளியே, மழை பெய்தால் வேட்டி சேலையெல்லாம் சிவப்பாக்கிவிடும் எங்கள் மாவட்டத்து மண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப வெள்ளை மண்ணை எடுத்து, செம்மண்ணு சாயத்தைப் பூசி, பிரான்சுன்னு பேரு வச்சு, செம்மண்ணுலயே பொறந்து வளந்த ஒனக்கு வித்துருக்கான்."

அன்றிலிருந்து நான் அக்காவுக்குச் சாட்சி. எந்தப் பத்திரமும் சாட்சி இல்லாமல் செல்லாது என்பது அவர் தொழில் விதி. எந்தக் கடைக்குப் போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போய், "இவ கெமிஸ்ட்ரி" என்று அறிமுகம் செய்வார். எனக்கு அது பிடித்திருந்தது. அப்பாவுக்கு அடுத்தபடியாக என் பட்டத்தை ஊரறியச் சொன்னவர் அவர்தான்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். முக்கால்வாசி தப்பு. வாயில் நுழையாத பெயர் எதுவாக இருந்தாலும் அது விஷம் என்பது அவர் தீர்ப்பு. வைட்டமின் ஈயின் வேதிப்பெயரைப் படித்துவிட்டு அரை மணி நேரம் கை கழுவினார். நான் விளக்கினால், "நீ சாட்சிடி. சாட்சி கையெழுத்துத்தான் போடணும், தீர்ப்பு எழுதக் கூடாது" என்று அடக்கிவிடுவார்.

கீழ ராஜ வீதியில் அக்கா திரும்புவது தெரிந்தாலே பேன்சி ஸ்டோர்க்காரர் சாப்பாட்டுக்குப் போய்விடுவார், காலை பத்து மணியாக இருந்தாலும். ஒருநாள் தப்ப முடியாமல் அகப்பட்டுக்கொண்டார். அக்கா கடையிலிருந்த களிமண் சரக்கு முழுவதையும் கண்ணாடி மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். முல்தானி மட்டி, வெள்ளைக் களிமண்ணான கயோலின், தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும் பெண்டோனைட், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு டப்பாவில் சாக்கடல் சேறு.

"அண்ணே, சாக்கடல் மண்ணுன்னு போட்டிருக்கு. சாக்கடல்ல எந்த இடம்? வடக்கால என்ன இருக்கு, தெக்கால என்ன இருக்கு?"

"அக்கா, நான் கடைக்காரன். சாக்கடலுக்கு வி.ஏ.ஓ. நான் இல்லைங்க."

"அப்ப எதை நம்பி விக்கிறீங்க?"

"நீங்கள்லாம் எதை நம்பி வாங்குறீங்களோ அதை நம்பித்தாங்க."

"இதுல முல்தானியும் கயோலினும். அதுலயும் முல்தானியும் கயோலினும். அதுல வாசனைன்னு ஒரு வார்த்தை கூட இருக்கு. அதுக்கு ஏன் ரெண்டு மடங்கு வெலை?"

"வாசனைக்குத்தாங்க."

"வாசனைன்னா என்னா? ரோசாவா, மல்லியா, மண்ணெண்ணெயா? பேரு போடலையே. முகவரி இல்லாத ஆளு வீட்டுக்குள்ள வந்தா விடுவீங்களா?"

ஊக்கு வாங்க வந்த ஒரு பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஊக்கு அட்டையையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் கைகூப்பினார். "அக்கா, ஒரு டப்பா சும்மா தாரேன். விடுதியில வச்சு நிம்மதியாப் படிங்க."

"சும்மாவா? அப்ப தானப் பத்திரம் எழுதிக் குடுங்க" என்றார் அக்கா.

படித்தது போதாது, பூசிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. அன்றைக்கு அக்கா தன் முகத்தை உட்பிரிவு செய்தார். நெற்றி பெண்டோனைட்டுக்கு. இடது கன்னம் முல்தானிக்கு. வலது கன்னம் கயோலினுக்கு. தாடைக்கு, நாமக்கட்டியை உரசிக் குழைத்தது. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று நடுவில் விரலால் வரப்பு வேறு.

"மூக்குக்கா?" என்று கேட்டேன்.

"மூக்கு பொறம்போக்கு. அதுல யாரும் கை வைக்கக் கூடாது. ஒண்ணும் பூசாத எடம் ஒண்ணு இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

இதை மட்டும் நான் மறுக்கவில்லை. ஆய்வகத்தில் நாங்களும் அப்படித்தான் ஒன்றைத் தொடாமல் வைப்போம். ஆனால் நாங்கள் அதற்குப் புறம்போக்கு என்று பெயர் வைத்ததில்லை.

நான்கு நிறத்தில் காய்ந்த முகத்தோடு அக்கா வாளி எடுக்க வெளியே வந்ததும், எதிரே வந்த வார்டன் அம்மா "ஆத்தாடீ!" என்று கத்திக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நெற்றி முழுவதும் தடித்துச் சிவந்திருந்தது. அக்கா கண்ணாடியில் பார்த்தார். "நெத்தி ஆட்சேபணை பண்ணிருக்கு" என்றார். அவ்வளவுதான், பெண்டோனைட்டின் வழக்கு முடிந்தது.

எல்லாவற்றுக்கும் மூலப் பத்திரம் என்று ஒன்று வேண்டுமே என்று, அடுத்த முறை அரிமளத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் தன் ஊரிலிருந்து கண்மாய்க் களிமண் ஒரு பை கொண்டுவந்தார். "இதுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. இதுதான்டி கலப்பில்லாதது."

"மாடு எறங்குற கண்மாய்க்கா. கிருமி இருக்கும். சூடு பண்ணியாகணும்" என்றேன், என் படிப்பின் கடமையை விடாமல்.

சூடு பண்ணினார். விடுதிச் சமையலறையில், தோசைக் கல்லில். சலித்து, பொன் வறுவலாக வறுத்து எடுத்துவிட்டு, கல்லைக் கழுவித்தான் வைத்தார், பாவம். ஆனாலும் மறுநாள் காலையில் பக்கத்து அறைப் பெண் தோசையைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுவிட்டு, "என்ன ஆயா, இன்னிக்கி மழை பேஞ்ச மாதிரி மணக்குது, ரவா தோசையா?" என்று சமையல் ஆயாவைக் கேட்டாள். அக்காவும் நானும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் மட்டும் அமையவில்லை. அதற்கும் காரணம் இந்தப் பின்பக்கம்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஜாதகத்தை நீட்டியதும், "இது அசலா, நகலா?" என்று அக்கா கேட்டார். இன்னொருவருக்கு மீசை அநியாயத்துக்குக் கறுப்பாக இருந்தது. "என்ன மை போடுறீங்க? அதுல அமோனியா இருக்கா?" என்று விசாரித்தார். மனதார அக்கறையோடுதான் கேட்டார். அவர்கள் பஜ்ஜி வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். வீட்டில் அவருடைய அம்மா அழுதார். வயது முப்பதைத் தாண்டியது. அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

அப்புறம் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மேனேஜர் என்றார் தரகர். மாப்பிள்ளை வாட்சப்பில் ஒரு ரோஜாப்பூவை அனுப்பி வணக்கம் சொன்னார். பதிலுக்கு நம் அக்கா, "உங்க கடையில களிமண் சோப்பு இருக்கா? இருந்தா பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மூச்சு விடுவதற்குள் படம் வந்துவிட்டது. மறுநாள் கேட்காமலே இன்னொன்று. பிறகு தினமும். அரபி எழுத்தாக இருந்தால் யாரிடமோ கேட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் எழுதி அனுப்புவார். அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா சும்மா சிரிப்பார்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இந்த ஒண்ணாவது நல்லபடியா முடியணும்டி. இந்தாளை எனக்குப் புடிச்சிருக்கு."

அக்கா எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

மாப்பிள்ளை விடுப்பில் வந்தார். அக்காவின் ஊரில் மாரியம்மன் திருவிழாவும் சேர்ந்து வந்ததால், சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும், பெண் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று அன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பக்தியில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி என்று தகவல். அக்காவின் அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காம இருந்துரு ஆத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். ஒரு கையில் என்னுடைய அதே பிங்க் கிளே டியூப். மறு கையில் வறுத்த கண்மாய் மண் குழைத்த கிண்ணம்.

"வேண்டாம்க்கா. இன்னிக்கு வேண்டாம்."

"அவங்க வர்றதுக்கு நேரம் கெடக்கு. எது பளபளன்னு வருதோ அதை ஒரு தடவை முழுசாப் பூசிக் கழுவிட்டு நிப்பேன். முடிவு தெரியாம எப்படிடி மாப்பிள்ளை முன்னாடி போயி நிக்கிறது?"

நடுவில் வரப்பு போட்டு, இந்தக் கன்னம் டியூபுக்கு, அந்தக் கன்னம் கண்மாய்க்கு. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முழங்கை வரைக்கும், பாதத்துக்கும் கண்மாய் மண்ணையே அப்பிக்கொண்டார். மூக்கு மட்டும் வழக்கம்போல. காயும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. மண் வெடித்துவிட்டால் சோதனை செல்லாது. அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் சுடாத மண்பொம்மை போலவே இருந்தது.

காய்ந்தது. கழுவப் போனால் தண்ணீர் இல்லை. திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் குளித்துத் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். மோட்டார் போடக் கரண்ட் இல்லை. தெருமுனை அடிபம்புதான் கதி. வாளியை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் வாசலைத் தாண்டினோம்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் சேத்தாண்டி வேஷம் என்று ஒன்று உண்டு. நோய் தீர வேண்டும், நினைத்தது நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் சேற்றை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். பூசிக்கொண்டவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவர் அம்மனுடைய ஆள். வழியில் நிற்பவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். பூசுவது அநேகமாக ஆண்களும் பொடியன்களும்தான். பெண் ஒருத்தி பூசிக்கொண்டு வந்தால் அது எப்பேர்ப்பட்ட வேண்டுதலாக இருக்கும் என்று ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும்.

நாங்கள் தெருவில் கால் வைக்கவும், மேளச் சத்தத்தோடு சேத்தாண்டிக் கூட்டம் திரும்பவும் சரியாக இருந்தது.

"அடியே, பொம்பளைப் புள்ள பூசிருக்குடி!"

"தாயீ! மகமாயீ!"

யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அக்காவின் காலில் ஊற்றினார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். "இது பேஸ் பேக்குங்க! மூஞ்சிக்குப் பூசுறதுங்க!" என்று நான் கத்தினேன். மேளத்தில் என் படிப்பு எடுபடவில்லை. அக்கா வாய் திறக்க முடியாமல் விழியை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். அதைப் பார்த்த கூட்டம், "அருள் வந்துருச்சு!" என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றியது.

அப்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. கூட்டம் மறித்துக்கொள்ளும் என்று முன்னாலேயே கிளம்பிவிட்டார்களாம். மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். நேரே பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொம்பை வாங்கினார். தண்ணீரை ஊற்றி, குனிந்து, அக்காவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"யாரு பெத்த புள்ளைங்க இது?"

"நம்ம டைப்பிஸ்ட்டுப் புள்ளதாங்க. இன்னிக்குத்தான் பொண்ணு பாக்க வாராங்க அதுக்கு" என்றது கூட்டம்.

அந்த அம்மாவின் முகம் மாறிய விதத்தை நான் மறக்க மாட்டேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "எம் மகனுக்காகவா தாயி? எம் மகன் கெடைக்கணும்னா இம்புட்டுச் சேத்தைப் பூசிக்கிட்டே?" பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். "நீ வாயத் தொறக்க வேணாம். ஆமான்னு தலையை மட்டும் ஆட்டு. இங்கேயே, ஆத்தா சந்நிதித் தெருவுலயே பூ வச்சுப் பேசி முடிச்சுர்றேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த அக்காவின் அம்மாவுக்கு ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. மகள் முதுகில் நறுக்கென்று கிள்ளினார். "ஆட்டுடி."

நானும் மனதுக்குள் ஆட்டுங்கள் அக்கா, ஆட்டுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தலையசைப்பு. பொய்கூட இல்லை, வாயே திறக்க வேண்டாம். வேனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை சோப்புப் பொட்டலம் போல ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார்.

மண் வெடித்தது.

"மன்னிச்சுக்கங்க அயித்தை. இது வேண்டுதல் இல்லைங்க." பேசப் பேசக் கன்னத்திலிருந்து சில்லுச் சில்லாக உதிர்ந்தது. "இந்தப் பக்கம் தண்ணி, கிளிசரினு, கயோலினு, செவப்புச் சாயம், அப்புறம் வாசனைக்கு ஏதோ ஒண்ணு, அது என்னன்னு அவன் போடலை. அந்தப் பக்கம் எங்க ஊரு கண்மாய் மண்ணு, சலிச்சு வறுத்தது. நீங்க வாரீங்கன்னு பளபளப்புக்குப் பூசுனேன். கழுவத் தண்ணி இல்லைங்க. அம்புட்டுத்தான்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பூச்சரம் அந்தரத்தில் நின்றது.

"அப்ப நான் பவுடர் பூசுனதுக்கா காலைத் தொட்டுக் கும்புட்டேன்?"

"ஆமாங்க அயித்தை. அதான் மனசு கேக்காம சொல்லிட்டேன்."

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். போகவில்லை என்பதே பெரிய காரியம். அந்த அம்மா காப்பியைத் தொடவில்லை. அக்காவின் அம்மா சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா உதிர்ந்துகொண்டே தூண் ஓரமாக நின்றார். மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"மூக்குல மட்டும் ஏங்க ஒண்ணும் பூசலை?"

"அது பொறம்போக்குங்க" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் அவர் வைத்திருந்த காப்பி தளும்பியது. சிரித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா, அவங்க உள்ளதைச் சொல்லிட்டாங்க. நாமளும் சொல்லிருவோம். நான் மேனேஜர் இல்லைங்க. தரகர் சேத்துவிட்டது. நான் அலமாரியில சாமான் அடுக்குறவன்."

"அது எனக்குத் தெரியுங்க" என்றார் அக்கா. "எந்த மேனேஜருக்குங்க கேட்ட உடனே பாக்கெட்டைத் திருப்பிப் போட்டோ எடுக்க நேரம் இருக்கு?"

அந்த அம்மா மகனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே வகைச் சரக்கு என்பது அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "போயி மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது. கழுவித் துடைத்துக்கொண்டு அக்கா முன்னால் வந்து நின்றார். அந்த அம்மா அவர் தாடையைப் பிடித்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"எந்தப் பக்கம் அந்த வெலை ஒசந்தது?"

"சொல்ல மாட்டேங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டா சோதனை செல்லாது."

"இந்தா, இந்தப் பக்கம். நல்லா மினுங்குது."

"அது கண்மாய் மண்ணுங்க."

"இல்லை இல்லை... இது. இதுதான்."

"முதல்ல சொன்னதுல நிக்கணும் அயித்தை."

"ரெண்டும் ஒண்ணாத்தான்டி இருக்கு!"

"இங்க இருட்டுங்க. வெளிச்சத்துக்கு வாங்க" என்று, எந்த அம்மாவின் முன்னால் வாய் திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்களோ, அந்த அம்மாவின் கையைப் பிடித்து அக்கா தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். தெரு முழுவதும் கூடிவிட்டது. வலது என்றது ஒரு பாதி, இடது என்றது மறு பாதி. சேத்தாண்டிகளில் இருவர் தங்கள் கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அந்த அம்மா, கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே, மறு கையால் பூவை எடுத்து அக்கா தலையில் வைத்தார்.

"நெசமாவாங்க?" என்று அக்கா தலையைத் திருப்பப் போனார்.

"இப்பத் தலைய ஆட்டாத, பூ விழுந்துரும்" என்றார் மாமியார்.

களிமண் வழக்கில் அன்றைக்குத் தீர்ப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்து இன்றுவரைக்கும் வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அலங்காரம் செய்கிற பெண் பெரிய பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் நாற்பது வகை இருக்கும். நான் அந்தப் பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். முகூர்த்தம் தவறிவிடும் என்றே நினைத்தேன். ஆனால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை நீட்டிக்கொடுத்தார். ஒன்றைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

"என்னக்கா, ஒண்ணையும் பாக்கலையா?" என்று காதுக்குள் கேட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாள் எல்லாரையும் நம்பிப் பாப்போம்னு இருக்கேன்டி" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவர் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சத்தம் வராமல் பெட்டிப் பக்கம் உட்கார்ந்து, அவர் முகத்துக்குப் போகிற ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி நான் படித்துக்கொண்டிருந்தேன்.